அக்காவின் முப்பத்தெட்டு கிலோ

விரல் வலிக்கிறது, இந்த மாதக் கடைசியோடு கிட்டார் வாசிப்பை நிறுத்தப் போகிறேன் என்று அக்கா ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள். இசைக்குழுத் தலைவரிடமும் சொல்லியாகிவிட்டதாம், அவரும் வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டாராம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே என் மனைவிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள். ஐயோ பாவம், வயதாகிறது இல்லையா என்று நானும் நம்பிவிட்டேன். அவள் மாடியேறிப் போன பிறகு என் மனைவி வெங்காயத் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"விரல் வலிக்கிறவங்க நறுக்கின வெங்காயமா இது? தாள் மாதிரி இருக்கு. அண்ணி விடுறதுக்குக் காரணம் விரல் இல்ல, அந்தப் பெட்டி. இதுகூடப் புரியலையா உங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. புரியாமல் என்ன, புரிந்துகொள்ளப் பயம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. வாரநாட்களில் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஞாயிறு மதியம் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவோடு பேஸ் கிட்டார் வாசிப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது அம்மா அழுதாள். முப்பத்து நாலு வயதில் கிட்டார் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். இரண்டையும் அக்கா ஒரே முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு டீ ஆறிவிடும், அப்படி ஒரு பிறவி. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸுக்கு நாலுதான். அதில் வாசிப்பது தனியாக யார் காதிலும் விழாது, நின்றுபோனால் மட்டும் எல்லோருக்கும் ஏதோ குறைகிறது என்று தெரியும் என்பாள்.

கிட்டாரோடு சேர்ந்து வந்ததுதான் அந்த ஆம்ப்ளிஃபயர். ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடம் வாங்கினாள். சத்தத்தைப் பெருக்குகிற மெஷினும் பெரிய ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள். தொடை உயரம், முப்பத்தெட்டு கிலோ. நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அக்கா மூன்றாவது மாடி, நான் தரைத்தளம், நடுவே ஐம்பத்து நான்கு படிகள். ஞாயிறுதோறும் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, வழியில் நிற்கிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட, மெதுவாக இறக்கி என் வண்டியில் ஏற்றுவோம். கட்டடத்துக்காரர்கள் அந்தப் பெட்டிக்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு, நகருங்க" என்று இரண்டாம் மாடி டீச்சர் வாராவாரம் அதே நகைச்சுவையைப் பதினெட்டு வருடமாகச் சொல்லி, பதினெட்டு வருடமும் அவரே சிரித்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் எனக்குக் குடலிறக்கம் வந்து அறுவை சிகிச்சை ஆனது. பத்து கிலோவுக்கு மேல் இனி ஆயுசுக்கும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழுத் தலைவரோ, அவரவர் சாமான் அவரவர் பொறுப்பு என்று முதல் நாளே சட்டம் போட்டவர். பியானோக்காரரே தன் கீபோர்டைத் தானே சுமக்கிறார், வேறு யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாரம் கை கொடுத்தார். இரண்டாவது வாரம் திருப்பத்தில் கை நழுவி, நல்லவேளை, கால் தப்பியது. அதற்குப் பிறகு அக்கா யாரையும் கூப்பிடவில்லை. தானே ஒவ்வொரு படியாக இழுத்து இழுத்து இறக்கினாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆண்பிள்ளை, உடம்பில் தெம்பிருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொன்னால் புரியாது.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், கடையில் போய் ஒரு சின்ன ஆம்ப்பை வாசித்துப் பார்த்துவிட்டு வந்து, "கொசு பாடுற மாதிரி இருக்குடா" என்று முடித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தால்தான் வேலை ஓடும். அந்தப் புதன்கிழமை ராத்திரியே மாடிக்குப் போய், பெட்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லி, இதை நான் இளைக்க வைத்துக் காட்டுகிறேன் என்றேன். நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். பாட்டுக் கருவிகளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். சத்தம் மாறினால் அது என் ஆம்ப் இல்லை, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் என்றாள். விரல் வலி என்று சொல்லிவிட்டதால் இரண்டு ஞாயிறு லீவு கிடைத்தது. அந்தப் பொய் அதற்காவது உதவியது.

பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும், அந்த அளவு எனக்குத் தெரியும். மறுநாள் ஒவ்வொன்றாகக் கழற்றி, எடை பார்க்கும் மெஷினில் வைத்தேன். என் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். மேலே இருந்த மெஷின் எட்டு கிலோ. ஸ்பீக்கர் ஏழு. மிச்சம் வெறும் பலகைப் பெட்டி. அதைச் சாய்த்துச் சாய்த்து மேலே ஏற்றினால், முள் இருபத்து மூன்றில் போய் நின்றது.

"வெறும் பெட்டி இருபத்து மூணு கிலோவா? இதென்ன தேக்குக் கட்டிலா?" என்றாள்.

எனக்கும் சந்தேகம்தான். பக்கப் பலகைகளைத் தட்டினேன், டொக் டொக் என்றன. அடிப்பலகையைத் தட்டினால் சுவரைத் தட்டுகிற மாதிரி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் இன்னொரு பலகை, நாலு மூலையிலும் திருகு. அந்தத் திருகுகளைப் பார்த்ததுமே எனக்கு என்னவோ செய்தது, ஏனென்றால் அந்த வகைத் திருகை நான் தினம் பத்து முறை கழற்றுகிறேன். பலகையைத் தூக்கினேன். அடியில் கெட்டியாக முடுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது ஒரு கான்கிரீட் கட்டை.

முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவின் முதல் நிகழ்ச்சி. மேடை வெறும் பலகை மேடை. அவள் தடித்த கம்பியை வாசிக்க வாசிக்க, ஆம்ப் அதிர்ந்து அதிர்ந்து ஒரு சாண் முன்னால் நகர்ந்துவிட்டது. முடிந்ததும் பெட்டியைத் தூக்கப் போன என்னிடம் டிரம்ஸ்காரர் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள். எனக்கு அப்போது தொழில் புதிது. துணி பிழியும்போது மெஷின் குதிக்காமல் இருக்க உள்ளே ஒரு கான்கிரீட் கட்டை வைத்திருப்பார்கள். பழைய மெஷினிலிருந்து அப்படி ஒன்றைக் கழற்றி, இந்தப் பெட்டியின் அடியில் முடுக்கி, மேலே பலகை போட்டு மூடி, சரி பண்ணிட்டேன் அக்கா, இனிமேல் ஆடாது என்று பெருமையாகச் சொன்னவன் சாட்சாத் நான்தான். அதற்குப் பிறகு அது ஆடவும் இல்லை, நான் அதை நினைக்கவும் இல்லை. ஒன்பது கிலோ. ஐம்பத்து நான்கு படி, ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை, பதினெட்டு வருடம். என் வயிற்றில் தையல் போட்டதற்கு யாரைத் திட்டுவது என்று இத்தனை நாள் ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சுவரில் சாய்ந்து சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, போய் அண்ணிகிட்ட சொல்லுங்க என்றாள். கட்டையைக் கொல்லைப்பக்கம் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்துவிடலாமா என்றுதான் என் புத்தி போனது. அவளே படியருகே நின்று குரல் கொடுத்து அக்காவைக் கூப்பிட்டுவிட்டாள்.

அக்கா வந்தாள். கட்டையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஒன்பது கிலோ."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல ஆம்ப் என்றால் இப்படித்தான் கனக்கும் என்று குழுவில் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறாளாம். புதுப் பையன்கள் ஆம்ப்பை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் மனசுக்குள் கேலி செய்திருக்கிறாளாம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"விரல்ல ஒண்ணும் இல்லடா. படிக்குக் கீழ நின்னு நீ அண்ணாந்து பாக்குற பாரு, அந்த மூஞ்சிய ஒவ்வொரு வாரமும் என்னால பாக்க முடியல. அதான் விட்டுடலாம்னு நெனச்சேன்."

நான் குனிந்து, கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

கட்டை போனாலும் இருபத்தொன்பது கிலோ இருந்தது. ஒற்றை ஆளுக்கு அது அதிகம்தான். ஸ்பீக்கர் பெட்டி செய்கிற தச்சர் ஒருவரைப் பிடித்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பழைய பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதே அளவில், மெல்லிய நல்ல பிளைவுட்டில் பெட்டி செய்து தந்தார். பதினான்கு கிலோ ஆறாகியது. ஸ்பீக்கரின் கனம் முழுக்கப் பின்னாலிருக்கும் காந்தத்தில்தான். இப்போது வருகிற புதுவகைக் காந்தம் கைக்கு அடக்கமாக இருக்கிறது, அப்படி ஒன்று வாங்கினேன். ஏழு கிலோ மூன்றாகியது. மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல இரும்புக் கனம். அதில் கை வைத்தால் சத்தம் மாறிவிடும் என்று ரேடியோ ரிப்பேர்க்காரர் எச்சரித்ததால் தொடவே இல்லை. அதற்குப் பதில் மெஷினைத் தனியாகப் பிரித்து ஒரு சின்னப் பெட்டியில் வைத்தேன். ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு. கைப்பிடி, திருகு எல்லாம் சேர்த்து மொத்தம் பதினெட்டே முக்கால் கிலோ, கைக்குக் கொஞ்சம் குறைய ஒன்பதரை. ஆட்டத்துக்கு? அடியில் நாலு ரப்பர் கால். அன்றைக்கே அதைச் செய்திருக்க வேண்டியவன் நான்.

முதல் தடவை அக்கா வாசித்துப் பார்த்தபோது தடித்த கம்பிக்கு மட்டும் கர்ர் என்று ஓர் அதிர்வு வந்தது. அவள் முகம் வாடியது. எங்கள் ஓட்டமெல்லாம் வீண் என்றே நினைத்தேன். தச்சர் வந்து பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மெல்லிய பலகை, நடுவில் நடுங்குகிறது என்று உள்ளே குறுக்காக ஒரு சட்டம் அடித்தார். இரண்டாவது தடவை அக்கா அந்தத் தடித்த கம்பியையே திரும்பத் திரும்ப, ரொம்ப நேரம் வாசித்தாள். ஒரு குமிழை நகத்தளவு திருப்பினாள். மறுபடி வாசித்தாள். நானும் தச்சரும் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

"இதுதான்டா," என்றாள்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தச்சர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார், தையல் பிரிந்துவிடும் போலிருந்தது.

மாதக் கடைசி ஞாயிறு. கிட்டார் முதுகில், கைக்கு ஒரு பெட்டி. அக்கா மூன்றாவது மாடியிலிருந்து நிற்காமல் இறங்கி வந்தாள். இரண்டாம் மாடி டீச்சர் சொல்வதற்கு வார்த்தை கிடைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டி வரை நான் பின்னாலேயே போனேன். கையில் ஒன்றுமில்லை, எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. பெட்டிகளை வைத்துவிட்டு அக்கா திரும்பினாள்.

"ஏறு. உன் பொண்டாட்டியையும் கூப்பிடு. இன்னிக்கு முன்னாடி மேஜையில உக்காந்து கேளு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் பெட்டியை மேடையேற்றிவிட்டு, வண்டியில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு, முடிகிற நேரத்துக்கு எழுந்து வந்து தூக்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

முதல் பாட்டுக்கு முன்பு குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, நம்ம பேஸ் அக்காவுக்கு இதுதான் கடைசி நிகழ்ச்சி, எல்லோரும் கை தட்டுங்கள் என்றார். கூட்டம் தட்டியது. மேடையில் வாயே திறக்காத அக்கா, பக்கத்தில் இருந்த மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"இல்லைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால் வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. என் அக்கா சிரித்துக்கொண்டு வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் அந்தப் பெட்டியைத் தூக்கியவன், அதிலிருந்து என்ன வருகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.