சுற்றுலாப் பயணி ரெஸ்மியே

அல்பேனியாவின் பெர்மெத் பேருந்து நிலையத்தில் ஏதென்ஸ் வண்டிக்குச் சீட்டுக் கொடுப்பது ரெஸ்மியேவின் வேலை. கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை, கண்ணாடித் தடுப்பு, அதற்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாக அவள் பாதி ஊரைக் கிரீசுக்கு அனுப்பியிருக்கிறாள். ஆரஞ்சு பறிக்கப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெண்கள். கடவுச்சீட்டில் விசா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் விசாக்களைப் பார்த்துப் பார்த்து, அதில் முத்திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். அவளுடைய கடவுச்சீட்டில் மட்டும் எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது.

எல்லை ஒன்றும் தூரமில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம், மலைச் சரிவில் இருந்த ஒரு கிராமத்தில்தான் அவளுடைய தம்பி ஹெகுரானைப் புதைத்திருந்தார்கள்.

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு அல்பேனியாவில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக மலையேறி அந்தப் பக்கம் போனார்கள். ஹெகுரானும் ஒரு தை மாதப் பனியில் நாலு பேரோடு போனான். போன நால்வரில் ஒருவன் வசந்தத்தில் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்ப, ஊர் வந்து சேர்ந்தான். நேராக அவர்கள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காராமலே சொன்னான். கணவாயில் பனிப்புயல். ஹெகுரான் பின்தங்கிவிட்டான். இவர்கள் கீழே இறங்கிக் கிராமத்தில் சொல்லி, ஆட்கள் போய்த் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. கிராமத்துக்காரர்களே தங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள்.

அம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அப்பா நெவ்ருஸ் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் இடது பக்கம் செயலிழந்து கட்டிலோடு கட்டிலானார். ரெஸ்மியேவைப் பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை.

வெளியே பனி விழத் தொடங்கினால் போதும், அப்பா கேட்பார்.

"அங்கயும் பெய்யுதாம்மா?"

"தெரியலப்பா. மலைக்கு அந்தப் பக்கம் வெயிலா இருக்கும்."

"மண்ணு ஆழமா தோண்டியிருப்பாங்களா?"

அவள் எழுந்து போய் அடுப்பில் இன்னொரு விறகை வைப்பாள்.

பக்கத்து வீட்டு சானியே வாய்த்துடுக்குக்காரி. ஆனால் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"எங்க அண்ணன் மகன் மாசத்துக்கு ரெண்டு தடவ ஆள் கூட்டிட்டுப் போறான். ஒரு ராத்திரி நடை. போய்ப் பாத்துட்டு வந்துரு. அந்த ஆபீஸ்காரங்க வாசல்ல போய் எதுக்குடி நிக்கப் போற?"

கட்டிலில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. நோய்க்குப் பிறகு அவருடைய பேச்சு குழறும். அன்று குழறவில்லை.

"இந்த வீட்ல ஒருத்தன் மலையேறிப் போனது போதும். போறதுன்னா வாசல் வழியா போ. இல்லன்னா போகவே வேண்டாம்."

அதனால் அவள் மாவட்டத் தலைநகரில் இருந்த விசா அலுவலகத்துக்குப் போனாள். முதல் தடவை உண்மையைச் சொன்னாள். தம்பியின் கல்லறையைப் பார்க்க வேண்டும். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இறப்புச் சான்றிதழ் கேட்டார். அது இல்லை. ஊர்ப் பதிவேட்டில் ஹெகுரான் உயிரோடு இருந்தான். ஓட்டுரிமை உட்பட எல்லாம் இருந்தது. நகராட்சியில் போய்க் கேட்டால், அவன் இறந்தது அந்த நாட்டில், அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் நாங்கள் எழுத முடியும் என்றார்கள். அவர்கள் எழுதித் தர வேண்டுமென்றால் இவள் அங்கே நேரில் போய்க் கேட்க வேண்டும். போக விசா வேண்டும்.

அலுவலகத்துக்கு எதிரே காபிக் கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தரும் வாங்கேல் என்ற பெரியவர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கல்லறைன்னா சொன்ன? ஏம்மா, உனக்கு யாருமே சொல்லலையா? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. சுற்றுலான்னு போடு."

"நான் ஊர் சுத்திப் பாக்கவா போறேன் மாமா?"

"பாக்காத. கண்ண மூடிட்டுப் போ. கட்டத்துல மட்டும் சுற்றுலான்னு எழுது."

இரண்டாவது தடவை அப்படியே எழுதினாள். ஓட்டல் அறை, ஊருக்குத் திரும்பும் சீட்டு, வேலைச் சான்று எல்லாம் வைத்தாள். மறுத்துவிட்டார்கள். திருமணமாகாதவர், பிள்ளைகள் இல்லை, தன் பெயரில் சொத்து இல்லை, ஆகவே நாடு திரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தாளில் மூன்று வரிதான். பேருந்தில் வரும் வழியெல்லாம் அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளை அதிகம் நோகடித்தது. தன் வாழ்க்கையை யாரோ முன்பின் தெரியாதவர் எண்ணிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவள் அந்த அலுவலகத்தின் பக்கம் போகவே இல்லை. அப்பாவுக்கு இரண்டாவது முறை உடம்புக்கு முடியாமல் போய்ப் பிழைத்த இலையுதிர் காலத்தில், மறுபடியும் நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சானியே வாசலில் நின்று வழியனுப்பினாள்.

"சுற்றுலா மகாராணி கிளம்பிட்டாங்க. கேமரா எங்கடி?"

இந்த முறை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, ரெஸ்மியே வயதே இருக்கக்கூடிய ஓர் அதிகாரி. அல்பேனிய மொழியை அழுத்தந்திருத்தமாகப் பேசினாள்.

"சுற்றுலான்னு போட்டிருக்கீங்க. என்ன பாக்கப் போறீங்க?"

வாங்கேல் மடாலயங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ரெஸ்மியேவின் வாயில் அவை வரவில்லை.

"ஒரு கிராமம்."

"கிராமத்துல என்ன இருக்கு?"

"என் தம்பி."

அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினாள். "அங்க வேலை பாக்குறாரா?"

"இல்லைங்க. பனியில செத்துப்போனான். அங்கேயே புதைச்சுட்டாங்க. நான் இன்னும் பாக்கல."

அடுத்த அறையில் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் எதை வெச்சு நம்பறது?"

"எங்க அப்பாவால தானா புரண்டு படுக்க முடியாது. காலையிலயும் சாயங்காலமும் நான்தான் புரட்டி விடணும். இல்லன்னா முதுகு புண்ணாயிரும்."

"நீங்க போற நாள்ல யார் புரட்டுவாங்க?"

"பக்கத்து வீட்டு அக்கா. நாலு நாள் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூட முடியாதுன்னும் சொல்லிட்டாங்க."

அதிகாரி எதையோ எழுதினாள். நிமிராமலே சொன்னாள்: "திரும்பி வந்ததும் இங்க நேர்ல வந்து கடவுச்சீட்டக் காட்டணும்."

விசா சரியாக நாலு நாளுக்கு இருந்தது.

சீட்டுக் கூண்டில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு அவள் வண்டியில் ஏறியபோது ஓட்டுநர் கிரிஸ்தாக் ரேடியோவை நிறுத்திவிட்டார். எல்லையில் முத்திரை விழுந்தது. கிராமத்துக்குப் பிரியும் முச்சந்தியில் அவளை இறக்கிவிட்டு, "அந்த மேட்டுப் பாதை. மணிக்கூண்டு தெரியும்" என்று கை காட்டினார். அவள் பையில் இரண்டு துணியும், பச்சை வாதுமைக்காயைச் சர்க்கரைப்பாகில் ஊறப்போட்ட க்ளிகோ ஒரு ஜாடியும் இருந்தன. வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகக் கூடாதே.

கல்லறைத் தோட்டம் சின்னது. ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். கிரேக்க எழுத்துத் தெரியாவிட்டாலும் கல்லின் பளபளப்பே சொல்லிவிட்டது, அவன் இங்கே இல்லை. பெயரில்லாத மேடு ஒன்றுகூட இல்லை. மதில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வேலையாள் அவளைக் கவனித்து, அவளுடைய மொழியிலேயே கூப்பிட்டான். அல்பேனியாவில் ஸ்க்ராபார் பக்கத்து ஆள், பார்தில் என்று பெயர். விஷயத்தைக் கேட்டவன் கரண்டியைச் சாந்துத் தட்டிலேயே குத்தி வைத்துவிட்டுப் போய், கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஸ்தமாத்தியா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவள் ரெஸ்மியேவின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தோட்டத்து மூலையில் இருந்த ஓடு வேய்ந்த சின்ன அறையைத் திறந்தாள்.

உள்ளே அலமாரிகளில் தகரப் பெட்டிகள்.

"என்ன இது?" என்றாள் ரெஸ்மியே.

பார்தில் தயங்கினான். "அக்கா, இவங்க ஊர் வழக்கம் இது. மண்ணுல ரொம்ப நாள் விடமாட்டாங்க. சில வருஷம் கழிச்சு எலும்ப எடுத்து, ஒயின்ல கழுவி, இங்க வெப்பாங்க. ஒங்க தம்பியையும் அப்படித்தான்..."

"யாரக் கேட்டு எடுத்தாங்க?" அவள் குரல் அந்தச் சின்ன அறையில் இடித்துத் திரும்பியது. "செத்தவனத் தோண்டுறதா? அவன் என்ன யாரும் இல்லாதவனா?"

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ஸ்தமாத்தியா மெதுவாகச் சொன்னாள், பார்தில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"யாரக் கேக்கறதுன்னு தெரியலம்மா. என் வீட்டுக்காரர எடுத்த அன்னிக்குத்தான் அந்தப் பையனையும் எடுத்தோம். ரெண்டு பேரையும் நான்தான் கழுவினேன். என் கையாலதான். அவருக்கு என்ன செஞ்சேனோ அதேதான் இவனுக்கும்."

பெட்டியை இறக்கித் திறந்தாள். ரெஸ்மியே குனிந்து பார்த்தாள். முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருந்தது. ஏழு வயதில் வாதுமை மரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட பல். அவள் அந்த அறையின் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்தமாத்தியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

அன்று இரவு தங்க ஓட்டல் அறை ஒன்று அவள் பெயரில் காத்திருந்தது. அவள் ஸ்தமாத்தியாவின் வீட்டில் தங்கினாள். க்ளிகோவை ஒரு கரண்டி வாயில் போட்ட ஸ்தமாத்தியா உள்ளே போய்த் தன் ஜாடியை எடுத்து வந்து காட்டினாள். அதே வாதுமைக்காய், அதே பாகு.

மறுநாள் காலையில் பார்தில் மூலமாக ஸ்தமாத்தியா ஒரு வார்த்தை சொன்னாள்.

"பைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போயிடு. பெண் பிள்ளையோட பைய யாரும் கிளற மாட்டாங்க. ஒரு அம்மாவா சொல்றேன்."

ரெஸ்மியே வெகுநேரம் யோசித்தாள். பெட்டி பைக்குள் நுழையும். மூன்றே மணி நேரத்தில் வீடு.

"வேண்டாம்," என்றாள். "வந்தப்ப ஒளிஞ்சு வந்தான். போறப்ப காகிதத்தோட போகட்டும்."

பெட்டியின் மேல் 'அந்நியன்' என்று ஒரு சொல்லும் வருடமும் மட்டும் இருந்தன. பார்தில் வண்ணம் வாங்கி வந்து, அதற்குக் கீழே அவள் சொன்னபடி கிரேக்க எழுத்தில் எழுதினான்: ஹெகுரான், நெவ்ருசின் மகன். கிராமத் தலைவர் நடந்ததை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். நாலாவது நாள் மாலை அவள் பெர்மெத்தில் இறங்கினாள்.

அப்பா விழித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா வெச்சிருக்காங்க?"

"வீட்டுக்குள்ளப்பா. ஓடு போட்ட கூரை. ஈரம் கிடையாது."

"தனியாவா?"

"இல்ல. பக்கத்துல ஒரு பெரியவர். அவனப் பாத்துக்கற அம்மாவோட புருஷன்."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு கிரேக்க பாஷை தெரியாதே" என்றார். சானியே தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அடுத்த வாரம் ரெஸ்மியே கடவுச்சீட்டைக் காட்டப் போனாள். அதே அதிகாரி திரும்பி வந்த முத்திரையைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." கிராமத் தலைவரின் கடிதத்தை மேசையில் வைத்தாள். "அவன வீட்டுக்குக் கொண்டுவரணும். அதுக்கு என்ன விண்ணப்பம்?"

"உக்காருங்க," என்றாள் அதிகாரி.

அந்தக் காகிதம் இந்தக் காகிதம் என்று வருடங்கள் ஓடின. முதலில் அந்த நாட்டில் அவன் இறந்தவனானான், பிறகு இந்த ஊரிலும். கடைசி அனுமதி வந்தபோது விசா என்ற ஒன்றே எடுக்கப்பட்டுவிட்டது. பெர்மெத்துக்காரர்கள் காபி குடிக்க அந்தப் பக்கம் போய்வந்தார்கள். ரெஸ்மியே போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிரிஸ்தாக்கின் வண்டியில் வந்தாள். எல்லையில் காவலர் தாள்களைப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

வீட்டில் பெட்டியை அப்பாவின் வலது கையில் கொடுத்தாள். அவர் அதை மார்பின் மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு லேசா இருக்கானே."

மறுநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தார்கள். அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை காலையில் ரெஸ்மியே சீட்டுக் கூண்டைத் திறந்து உட்கார்ந்தாள். வரிசையில் முதலில் நின்ற பெண், விசாவுக்காகப் பழக்கத்தில் கடவுச்சீட்டைப் பிரித்து நீட்டினாள். ரெஸ்மியே அதைப் பார்க்காமலே மூடித் திருப்பிக் கொடுத்து, "எத்தனை பேர்?" என்று கேட்டாள்.