கிறுக்கலாகிப் போன சாம்பார்

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் தெருக்காரர்கள் வருடா வருடம் பந்தல் போடுவோம். பெயர்தான் தண்ணீர்ப் பந்தல்... கூட்டம் வருவதென்னவோ சாம்பார் சாதத்துக்கு! ஆயிரம் பேருக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என்று அக்காவின் கணவர் ராஜா அண்ணன் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பூசத்துக்கும் ஒரு பிரிண்ட் எடுத்துப் பந்தல் காலில் ஒட்டுவார். பந்தல் பிரிக்கும்போது அந்தத் தாளும் கிழிந்து போகும்.

அண்ணன் இறந்து எட்டு மாதமாகிறது. அவர் இல்லாத முதல் தைப்பூசம். அவருடைய பழைய கம்ப்யூட்டரும் படுத்துவிட, மகள் ஃபைல்களை மட்டும் மீட்டுப் புது லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தாள். திறந்தால்... தமிழே இல்லை. கொக்கியும் புள்ளியுமாக ஏதோ கிறுக்கல்.

"தம்பி, இது என்ன எழுத்து? அவரு ஒரு நாளும் இப்படி எழுத மாட்டாரு லா," என்றார் அக்கா. "அவரு கைப்பக்குவத்துலதான் இந்த வருஷமும் போடணும்னு வேண்டியிருக்கேன்."

தப்பு என் மேல்தான். ஏன் தெரியுமா? அண்ணன் தமிழ் அடித்த சாஃப்ட்வேரை வாங்கச் சொன்னதே நான்தான். அண்ணன் இலவசமான ஒன்றைக் காட்டியபோது, சும்மா கிடைப்பதை எப்படி நம்புவது என்று மேதாவி மாதிரி பேசினேன். காசு கொடுத்து வாங்கியதன் எழுத்துரு வேறெங்கும் வேலை செய்யாது. விற்ற கம்பெனியோ கடையைக் கட்டிப் பல வருடமாகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

கெலுகோர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் நண்பர் நசீரிடம் ஓடினோம். பழைய எழுத்துருக்களை இன்றைய தமிழுக்கு மாற்றும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஒன்றை அவர் இறக்கினார். முகம் தெரியாத புண்ணியவான் யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டது. அதில் ஏகப்பட்ட எழுத்துருக்கள் – எங்களுடையது மட்டும் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நசீர் அசரவில்லை. "அண்ணே, இது தொறந்த வீடு. இல்லாதத நாமளே உள்ள போயி சேர்த்துக்கலாம்."

எப்படி? மகளின் கல்யாணப் பத்திரிகையை அண்ணன் அதே சாஃப்ட்வேரில்தான் அடித்திருந்தார். அச்சான பத்திரிகையையும் அதன் கிறுக்கல் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த எழுத்து என்று அக்கா சொல்லச் சொல்ல நசீர் குறித்துக்கொண்டார். இரண்டு சாயங்காலம் பிடித்தது.

முடிந்ததும் அந்தப் பட்டியலை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் அந்தப் பொது சாஃப்ட்வேரிலும் சேர்த்துவிட்டார். இனி ஈப்போவிலோ யாழ்ப்பாணத்திலோ யாராவது இதே கிறுக்கலோடு முழித்தால் அவர்களுக்கும் உதவும். பந்தலில் சாதம் வாங்குகிறவரிடம் நாம் பெயரா கேட்கிறோம்?

பிறகு சாம்பார் ஃபைலைப் போட்டார். பருப்பு வந்தது... புளி வந்தது... மல்லி வந்தது. கடைசியில், பந்தலில் ஒட்டிய எந்தத் தாளிலும் நாங்கள் பார்த்திராத ஒரு வரி. போன பூசம் முடிந்த பிறகு சேர்த்திருக்கிறார்.

"அடுத்த வருஷம் அண்டாவைச் செல்வி தூக்கக் கூடாது. முதுகு தாங்காது."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். அழுதார். எனக்கும்தான் கண் கலங்கியது.

அண்டாவைத் தூக்காதீர்கள் என்று நாங்கள் எத்தனை வருடம் சொல்லியும் கேட்காத அக்கா... இந்தப் பூசத்தில் அண்டா பக்கமே போகவில்லை.