நீல நாடா

டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக ஒரே பள்ளியில் ஒரே அந்நிய மொழியைச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் பாடத்தை மட்டும் இப்போது அவர் நடத்துவதில்லை. அதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் தள்ளிவிட்டு, அந்த ஒரு மணி நேரமும் ஓய்வறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

கறாரான மனுஷி. அதற்கும் காரணம் உண்டு. சின்ன வயதில் பயிற்சிக்காக அந்த நாட்டுக்குப் போனபோது, இலக்கணத்தையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தவருக்கு ஒரு ரொட்டிக் கடையில் நாக்கே எழவில்லை. விரலால் சுட்டிக் காட்டி வாங்கினார். கடைக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை டீச்சர் மறக்கவே இல்லை. தன் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு அவமானம் வரக் கூடாது என்றுதான், வருடத்துக்குப் பத்துப் பேரை ஒரு வாரம் அங்கே கூட்டிப்போக ஆரம்பித்தார்.

விமானத்தில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒரு நீல நாடாவைக் கட்டுவார். அதன்பிறகு நம் மொழி வாயில் வரக் கூடாது. தங்களுக்குள் பேசினாலும் சரி, வீட்டுக்குப் போனில் பேசினாலும் சரி. ஒரு வார்த்தை வந்தால் நாடாவைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கடைசி வரை வைத்திருப்பவர்கள் பள்ளி மேடையில் பேசலாம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பலித்தது. வாயே திறக்காத பிள்ளைகள்கூட பஸ் டிரைவரிடம் தாங்களாகவே வழி கேட்டார்கள். ஆனால் இந்த விதி எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

அந்த வருடம் வந்தவர்களில் ஒருத்தி சரியான வாயில்லாப் பூச்சி. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளே தவிர, சத்தம் வராது. மூன்றாம் நாள் பார்த்தால், மற்ற ஒன்பது பேரும் நாடாவைப் பறிகொடுத்திருந்தார்கள், இவள் கையில் மட்டும் அது அப்படியே இருந்தது! டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் விடுதி வரவேற்பறையில், டீச்சரின் போனில் எல்லாரும் வரிசையாக வீட்டுக்குப் பேசினார்கள். இவள் முறை வந்தது. முகம் வெளுத்திருந்தது, ஒரு கை வயிற்றோரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று டீச்சர் அந்த மொழியில் கேட்டார். முதல் பாடத்தின் முதல் கேள்வி. நலம், நன்றி என்று அதே மொழியில் பதில் வந்தது. அடடா, என்ன உச்சரிப்பு! டீச்சர் தோளில் தட்டிக்கொடுத்துப் போனைக் கையில் கொடுத்தார். வயிற்றை அழுத்திய அந்த இன்னொரு கையையும் பார்க்கத்தான் செய்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். பாவி, கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்!

மறுநாள் காலை ரயில் நிலையப் படிக்கட்டில் அவள் சுருண்டு விழுந்தாள். குடல்வால் வெடித்து உடம்பெல்லாம் விஷம் பரவிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இரண்டு நாளாவது வலித்திருக்குமே, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு சொல் விடாமல் டீச்சருக்குப் புரிந்தது. அடுத்த நாள் விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

பள்ளியில் விசாரணை வைத்தார்கள். தாள்களைப் புரட்டினார்கள், பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. யார் மேலும் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள்.

"முடிஞ்சுபோச்சு டீச்சர். இனி யார் கேட்டாலும் நீங்க வாயத் திறக்காதீங்க" என்றார் தலைமையாசிரியர்.

மறுவாரம் பிள்ளையின் அம்மா வந்தார். சலவைக் கடையில் துணி தேய்க்கிறவர். கையில் ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பை.

"டீச்சர், அன்னிக்குப் போன்ல ஒண்ணு சொன்னா. மூணு தடவ அதையேதான் சொன்னா. எம்பொண்ணு என்னமா பேசுறான்னு நானும் சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டேன்." தட்டுத்தடுமாறி அதைச் சொல்லியும் காட்டினார். "இதுக்கு என்ன அர்த்தம்? வலிக்குதுன்னா?"

"இல்லம்மா. நல்லா இருக்கேன், நன்றின்னு அர்த்தம்."

அந்தம்மா கண்ணை மூடித் திறந்தார். "வலிக்குதுன்னு சொல்லியிருக்கா, எனக்குத்தான் புரியாமப் போச்சோன்னு இத்தன நாளா வெந்துக்கிட்டிருந்தேன்."

அதோடு போயிருந்தால் டீச்சர் தப்பித்திருப்பார். ஆனால் அந்தம்மா பையிலிருந்து கத்தரியால் வெட்டப்பட்ட ஒரு நீல நாடாவை எடுத்தார்.

"இது என்ன டீச்சர்? அவ கையில இருந்துச்சாம்."

டீச்சருக்கு நாக்கு எழவில்லை. அன்று ரொட்டிக் கடையில் நின்ற மாதிரியே நின்றார். பரிசும்மா என்று சொல்லிவிடலாம், யார் கண்டது? ஆனாலும் சொன்னார்.

"நான்தாம்மா கட்டிவிட்டேன். நம்ம பாஷையில பேசுனா இதக் கழட்டிடணும்னு சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் பேசும்போதும் கூடாதுன்னு."

அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா நாடாவை மேசை மேல் வைத்து, துணி தேய்க்கிற கையால் அதன் சுருக்கத்தை நீவி நீவி விட்டார்.

"சொன்ன பேச்சத் தட்டவே மாட்டா டீச்சர் அவ" என்றார். "சின்னதுலேருந்தே அப்படித்தான்."