காலண்டரில் இருந்த ராஜரத்தினம்

மலாக்காவின் காஜா பெராங்கில் விஜயாவின் வாய்க்குப் பயப்படாதவர் அவள் புருஷன் அப்பாசாமி ஒருவர்தான். பத்து பெரெண்டாம் ஊர் விமானத் திடலில் புல் வெட்டிவிட்டு வந்து படுத்தாரென்றால் இடி விழுந்தாலும் அவர் காதில் ஏறாது. மற்றவர்கள் அவளிடம் மசாலா வாங்கினோமா, போனோமா என்று இருப்பார்கள். காலையில் பசாரில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தால், மத்தியானம் வரைக்கும் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து உருட்டி வாழையிலையில் வைத்து விற்பாள். அந்தக் கையால் அறை வாங்கினால் மூன்று நாளைக்கு எரியும் என்பார்கள். அறைய வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். அவனை அவள் அறையவில்லை. என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

அவன் பெயர் கலியாணசுந்தரம், டின் பால் ஏஜண்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் விஜயாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ராஜரத்தினம் என்று வாய் நிறையப் பெயர் வைத்தாள். இரண்டாம் மாதம் கலியாணசுந்தரம் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண்ணோடு வீட்டுக்கு வந்தான். பார்த்தால் நர்ஸ் மாதிரி இருப்பாள். நர்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"நாள் பூரா மிளகா அரைக்கிற கை, அக்கா," என்றாள் அவள். "அந்தச் சூடு ஒடம்புல ஏறி பால்ல எறங்கும். புள்ளைக்கு வயிறு புண்ணாயிரும்."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். விஜயா நம்பிவிட்டாள். மூன்று தரம் சோப்புப் போட்டும் கை எரிச்சல் அடங்காதவள் அவள். அந்தக் காரம் கையோடு நிற்கிறதா, நெஞ்சு வரைக்கும் போகிறதா என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது. அன்றைக்கே தாய்ப்பாலை நிறுத்தினாள்.

டின் பால் தித்திப்பு. பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. நாலாம் மாதம் கன்னம் பன் மாதிரி உப்பியதும் கலியாணசுந்தரம் படக்காரனை அழைத்துவந்து ஒரு படம் பிடித்தான். இரண்டு டின்னை இனாமாக வைத்துவிட்டுப் போனான். ஆறாம் மாதம் பிள்ளைக்குக் கால் வீங்கியது. கண் மங்கியது, விளக்கைக் காட்டினாலும் திரும்பவில்லை. பிறகு வயிற்றோட்டம் பிடித்தது. ஏழாம் மாதம் ராஜரத்தினம் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் இருந்த சீன டாக்டரம்மா மலாயில் நிதானமாகச் சொன்னாள். அந்த டின்னில் பாதிக்குப் பாதி சர்க்கரை. அதிலும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் சத்துக்கு எங்கே போவது? உன் பாலில் காரமும் இல்லை, சூடும் இல்லை. அதையே கொடுத்திருக்கலாம்.

அடப்பாவிகளா! விஜயா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து தன் இரண்டு கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தை பிறந்தது. சுப்பையன் மளிகைக் கடையில் புதுக் காலண்டர் தொங்கியது. அதில் டின்னைக் கட்டிக்கொண்டு சிரித்தவன் ராஜரத்தினம். கிழித்தெறியத்தான் பாய்ந்து போனாள். கை படத்திலிருந்த கன்னத்தில் பட்டதும் நின்றுவிட்டது. பிள்ளையின் படம் என்று அவளிடம் வேறு எதுவும் கிடையாது.

"ஒண்ணக் கிழிச்சு என்னம்மா ஆவப்போவுது? மலாக்கா பூரா தொங்குது, உஜோங் பாசிர் வரைக்கும்," என்றார் சுப்பையன், பாவம்.

படத்தை எடுக்கச் சொல்லி ஏஜண்ட் ஆபீசுக்குப் போனாள். கலியாணசுந்தரம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினான். "புள்ள செத்ததெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதம்மா. படத்துக்குத்தான் ரெண்டு டின்னு குடுத்தோமே."

செத்த பிள்ளையைக் காட்டி உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு விற்கிறான்! தெய்வம் நின்று கொல்லும் என்று அப்பாசாமி ஆறுதல் சொன்னார். "அது நிக்கட்டும், நான் நிக்கமாட்டேன்," என்றாள்.

ஐம்பத்தேழு தொடக்கத்தில் கருணாகரன் பிறந்தான். தூளியைப் பசாருக்கே கொண்டுபோய் மேசைக்கடியில் கட்டினாள். பிள்ளை சிணுங்கினால் கையைக் கழுவிவிட்டு அங்கேயே பால் கொடுத்தாள். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். ஆறாம் மாதத்திலிருந்து கேழ்வரகுக் கஞ்சி, பரங்கிக்காய், மசித்த வாழைப்பழம், முருங்கைக்கீரைச் சாறு, இடித்த நெத்திலி. மிட்டாய் நீட்டியவர்களின் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளை உப்பவில்லை, கெட்டியாக வளர்ந்தது.

டின் பால்காரர்கள் சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகக் கொழுகொழு குழந்தைப் போட்டி வைக்கிறார்கள் என்று சுப்பையன்தான் சொன்னார். மார்க்குப் போடுவது ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தச் சீன டாக்டரம்மா. ஜெயிக்கிற பிள்ளையின் தாய் மைக்கில் பேச வேண்டும். விஜயாவுக்கு அது போதும்.

"நீ புள்ளைய வளக்குறியா, பழிய வளக்குறியா?" என்று அப்பாசாமி கேட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே கஞ்சிதான்," என்றாள் விஜயா.

போட்டியன்று பாடாங் மைதானம் நிறையக் கூட்டம். மேடைத் தட்டியில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டிய அட்டையில் ராஜரத்தினம் சிரித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணைப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், காலை அமுக்கிப் பார்த்தாள். முதல் பரிசு கருணாகரனுக்கு.

கலியாணசுந்தரம் வாயெல்லாம் பல்லாக வந்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பெட்டி டின்னை அவள் காலடியில் வைத்துவிட்டுக் காதோரம், "நம்ம பால்தான் குடுத்தேன்னு சொல்லும்மா. ஒரு வருஷத்துக்கு இனாம்," என்றான்.

விஜயா மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு சொட்டு டின் பால் குடுக்கல. எம் பாலும் கேவுறு கஞ்சியும்தான். டின் பால் குடிச்ச எம் புள்ள அந்தா, படத்துல இருக்கான். ஏழாம் மாசம் கண்ணு அவிஞ்சு செத்துப்போனான்."

கலியாணசுந்தரம் மைக்கைப் பறிக்க வந்தான். டாக்டரம்மா எழுந்து குறுக்கே நின்றாள். தாய்மார்கள் இடுப்புப் பிள்ளைகளோடு மேடையை நெருங்கினார்கள்.

"மூணு வருசமா இவன் மொகத்த வச்சுப் பொழைக்கிறியே," என்றாள் விஜயா. "இவன் பேரு என்ன? சொல்லு."

கூட்டத்திலிருந்து ஒருத்தி, "சொல்லுய்யா!" என்று கத்தினாள். பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன. அவன் உதடு அசைந்தது, பெயர் வரவில்லை.

"தெரியாதுல்ல? ராஜரத்தினம். மைக்குல சொல்லு."

"ராஜ... ராஜரத்தினம்."

"இப்ப கழட்டு."

கலியாணசுந்தரம் அந்தப் பால் பெட்டிமேலேயே ஏறினான். அத்தனை பேர் பார்க்க, ஆணியை நெம்பினான். அட்டை ஒரு மூலையில் மடங்கியது. விஜயா கருணாகரனை இடுப்பில் மாற்றிக்கொண்டு இரண்டெட்டு முன்னால் போனாள்.

"பாத்து எடுய்யா. கிழிச்சிராத. அது எம் புள்ள."