எர்த் போல்ட்டுக்கும் பெயிண்ட் அடித்த அப்பா

பேச்சுப் போட்டி மேடையில் எனக்கு எதிராகப் பேசியவர்கள் பலர்; என் வாயை அடைத்தவர் ஒருவரே. அவர் என் அப்பா. அதுவும் ஒரு பழைய பிக்கப் வண்டியின் இடது முகப்பு விளக்கை முன்னிட்டு, திண்டுக்கல்லுக்கு வெளியே, வாகனங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் பொட்டல் மைதானத்தில், வரிசையில் நின்ற அத்தனை ஓட்டுநர்களும் பார்த்திருக்க.

எங்கள் பக்கத்தில் எப்.சி.க்குப் போகும் வண்டி மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல்தான் போகும். எஞ்சின் எப்படி இருமினாலும் சரி, உடம்பில் புது வண்ணம் இருக்க வேண்டும். நெற்றியில் சந்தனம் இருக்க வேண்டும். "பெயிண்ட்டப் பாத்ததுமே பாதி பாஸு" என்பது அப்பாவின் அசைக்க முடியாத கொள்கை. பட்டறையில் அடித்துத் தரும் வண்ணத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே தாமே பிரஷ்ஷை எடுத்தார். கதவின் உட்புறம், பானெட்டின் அடிப்புறம், கை நுழையாத இடுக்கு என எங்கும் மயில் நீலம். போல்ட்டுகளைக் கழற்றி, அவை இருந்த இடத்தில் பூசி, காய்ந்தபின் மாட்டி, பிறகு அவற்றின் தலையிலும் பூசினார். சொல்லுக்குச் சொல் செதுக்கி உரை தயாரிக்கும் என் குணம் எங்கிருந்து வந்ததென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

மைதானத்துக்குப் போன அன்றே சான்று கிடைத்தாக வேண்டும். ஆயக்குடியில் ஒரு தோப்பின் கொய்யாவை, மறுநாள் விடியற்காலை தொடங்கிப் பருவம் முடியும்வரை ஏற்றி வருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். சான்றில்லாத வண்டியில் ஒரு கூடையும் ஏறாது என்று தோப்புக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். இன்னொரு வண்டிக்காரர் அவரிடம் முன்பே பேசி வைத்திருக்கிறார் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். அதிகாரியிடம் முறையாகப் பேசுவதற்கு ஆள் வேண்டும் என்று நானே முடிவெடுத்து, நானே என்னை நியமித்துக்கொண்டு, உடன் சென்றேன்.

எங்களுக்குப் பின்னால் காய்கறி வண்டியோடு நின்றவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்கும் மனிதர்.

"ஏனுங்கண்ணா, பெயிண்ட்டு சோக்கா இருக்குதுங்க. லைட்டெல்லாம் போட்டுப் பாத்துட்டீங்களா?"

பகலில் கிளம்பியதால் நாங்கள் பார்க்கவில்லை. அப்பா சுவிட்சைப் போட்டார். வலது விளக்கு எரிந்தது. இடது விளக்கு, மின்மினி ஒன்று முனகுவதுபோல, சிவந்து மங்கியது. இடது இண்டிகேட்டரைப் போட்டதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. இண்டிகேட்டர் கண் சிமிட்டும்போதெல்லாம் முகப்பு விளக்கும் சேர்ந்து சிமிட்டியது.

"பல்பு போச்சு" என்றார் அப்பா.

"சுவிச்சுங்க" என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர்.

இரு தரப்பும் சான்றின்றி வாதாடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பல்புகளை இடம் மாற்றச் சொன்னேன். வலப்பக்கம் போன பல்பு பளிச்சென்று எரிந்தது. இடப்பக்கம் வந்த நல்ல பல்பு மங்கியது. ஆக, பல்பு குற்றமற்றது. ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் ஒரு சோதனை பல்பு இருந்தது. இரண்டு வயரோடு கூடிய சிறு விளக்கு. ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவில் கவ்வவிட்டு, மறு முனையை இடது விளக்கின் சாக்கெட்டில் வைத்தோம். சோதனை பல்பு ஜொலித்தது. மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது, சுவிட்சும் விடுதலை.

வந்த மின்சாரம், வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறார்கள். சாக்கெட்டிலிருந்து புறப்பட்ட கறுப்பு வயரைத் தொடர்ந்து என் விரல் சென்றது. அது விளக்கின் பின்புறம், வண்டி உடலில் முடுக்கிய ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட் நீலம். அதன் அடியில் இருந்த, வயர் முனையின் வளையம் நீலம். வளையத்தின் அடியில் இருந்த தகடும் நீலம். இரும்பை இரும்பு தொடுவதற்கு ஓர் ஊசிமுனை இடமும் இல்லை.

ஒட்டன்சத்திரத்துக்காரர் பார்த்தார், புரிந்துகொண்டார், சட்டென்று வானத்தைப் பார்த்தார். அப்பாவின் வண்ணத்தைக் குறை சொல்லும் துணிவு அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது.

"அப்பா! அழகு வேறு, பயன் வேறு. கண்ணுக்கு விருந்தாகும் வண்ணம், பாதைக்கு இருளாகுமென்றால், அந்த வண்ணத்தைப் போற்றுவதா, சுரண்டி எறிவதா? ஒரு காசளவு இடத்தை..."

அக்கம்பக்கத்து ஓட்டுநர்கள் கூடிவிட்டனர். ஒருவர் கைதட்டினார். கைதட்டல் கேட்டால் என் குரல் தானாகவே ஒரு படி உயரும், உயர்ந்தது. அப்பாவின் முகமோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இறுகியது.

"ஏத்தா, செத்த வாய மூடுறியா? ராப்பகலா உக்காந்து அடிச்ச பெயிண்ட்ட, நாலு பேரு முன்னாடி இருட்டுங்குற! சுரண்ட மாட்டேன். ஒரு பொட்டு சுரண்ட மாட்டேன்."

நான் மூடினேன். வாழ்வில் முதன்முறை.

சமாதானமாக ஒட்டன்சத்திரத்துக்காரர் தம் நீள வயர் ஒன்றை எடுத்து, பாட்டரி நெகட்டிவுக்கும் கறுப்பு வயரின் முனைக்கும் இணைப்புக் கொடுத்தார். இடது விளக்கு பொட்டல் வெயிலையும் மீறிக்கொண்டு எரிந்தது.

"இது போதும்ல? இப்பிடியே விட்டுருவோம்" என்றார் அப்பா மலர்ச்சியோடு.

"ஏனுங்கண்ணா, அது என்ற வயருங்க. அடுத்தது என்ற வண்டிங்க. அதுக்கும் எர்த்து இந்த வயருதானுங்க" என்று அவர் பணிவோடு கழற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி எங்கள் வண்டிக்கு வந்தார். வெயிலில் நின்று களைத்த முகம். டயரைத் தட்டினார், ஹாரனைக் கேட்டார். "லைட்டப் போடுங்க" என்றார்.

அப்பா திறந்த பானெட்டின் பின்னால் சிலைபோல நின்றார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, அது அசையவில்லை. கொய்யாத் தோப்பு எங்களைவிட்டு விலகிப் போவதை நான் கண்ணாரக் கண்டேன்.

பேச்சுப் பயிற்சியில் எங்களுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் தலைப்புத் தருவார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கத்தை மனமார வாதிட வேண்டும். நான் பக்கம் மாறினேன்.

"ஐயா, விளக்கைக் காணும் முன் இந்த வண்ணத்தைக் காண வேண்டுகிறேன். கண்ணில் படும் இடத்தில் அழகு செய்வது எவர்க்கும் எளிது. போல்ட்டைக் கழற்றி, எவரும் காணாத அதன் அடியிலும் பூசிய கை இது. தம் வண்டியை இப்படிப் பேணும் மனிதர், சாலையில் பிறர் உயிரை எப்படிப் பேணுவார் என்று எண்ணிப் பாருங்கள்!"

"ஏம்மா, நான் வண்டியப் பாக்கவா, ஒன் பேச்சக் கேக்கவா?"

"இரண்டுக்கும் தகுதி உண்டு, ஐயா. மயில் நீலம் என்பது..."

பானெட்டின் பின்னாலிருந்து ஓர் ஒலி எழுந்தது. சர்ரக். சற்று இடைவெளி. சர்ரக், சர்ரக். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மயிலைப் பற்றிப் பேசினேன், மயில் போனதும் மழையைப் பற்றிப் பேசினேன். போல்ட் இறுகும் கிறீச்சொலி கேட்டது, பிறகு சுவிட்ச் போடும் ஒலி. இடது விளக்கு அதிகாரியின் சட்டைப் பொத்தான்மேல் நேராகப் பாய்ந்தது.

"சரி, சரி. எரியுது. நிறுத்தும்மா" என்று அவர் கையெழுத்திட்டார். விளக்குக்காகவா, நான் நிறுத்த வேண்டும் என்பதற்காகவா என்று ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு ஐயம் வந்தது. எனக்கு வரவில்லை.

அப்பா அங்கேயே நின்று தோப்புக்காரருக்குப் போன் போட்டார். "ஆங், பாஸாயிருச்சு. விடியக்காலம் வாரேன். லைட்டா? சும்மா பகலு மாதிரி எரியுது!" பெயிண்ட் சுரண்டியதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வண்டி மைதானத்தைவிட்டு வெளியேறிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, மொதல்ல என்னமோ பேசுனியே, அத விட்டுரு. ரெண்டாவது பேசுன பாரு, அத வீட்டுக்குப் போனதும் ஒங்கம்மாகிட்ட அப்பிடியே இன்னொரு வாட்டி பேசணும். அவ இந்தப் பெயிண்ட்ட கொசுவலை கலருன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா."