பொம்மசந்திராவில் நடுக்கோடை எப்போது?

தொழிற்சாலை நோட்டீஸைத் தமிழில் மாற்றித் தரும் வேலையில், தப்பை யார் செய்தாலும் திட்டு மட்டும் நமக்கே வந்து சேரும். இதே பிழைப்பில் மாட்டியிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மோர் வரும் என்றார்கள்

எம்.ஏ. படித்துக்கொண்டே, பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்குப் பகுதிநேரமாக இதைச் செய்கிறேன். தலைமை அலுவலகம் ஐரோப்பாவின் வடகோடியில். ஏப்ரலில் அங்கிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: ‘மிட்சம்மர்’ வாரத்தில் பேக்கிங் பிரிவுக்கு மதியம் அரை மணி நேரம் கூடுதல் ஓய்வு, குடிக்கக் குளிர்ச்சியாக ஏதாவது. நான் ‘நடுக்கோடை வாரம்’ என்று எழுதி ஒட்டினேன்.

தகரக் கூரைக்குக் கீழே வேகிறவர்களுக்கு நடுக்கோடை எதுவென்று யாராவது சொல்ல வேண்டுமா? மறுநாள் மூன்று மணிக்கு எல்லாரும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்து, அது ஜூன் மூன்றாவது வாரம் என்று கத்தினார். ஹெப்பகோடியிலிருந்து வேலைக்கு வரும் செல்வியக்கா என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, ஜூன்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா மோர் குடிக்கிறது?”

அகராதியோடு போனேன்

எனக்குக் கோபம் ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். ஜூனில்தான் கோடையே ஆரம்பம் என்கிறவர்கள் அதையே நடு என்பார்களா? தேடிப் பார்த்தேன். பழைய கணக்கில் அவர்களுக்கு மே மாதமே கோடை பிறந்துவிடுமாம். மிட்சம்மர் அங்கே ஒரு பண்டிகை; பகல் மிக நீளமாக இருக்கும் நாளையொட்டி வருவதால், ஜூன் மூன்றாவது வாரம் நடுவாகிறது. அந்த ஊருக்கு அது சரிதான். நமக்கு அந்த நேரம் மழை பெய்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் எச்.ஆர். அதிகாரியிடம் அரை மணி நேரம் வாதாடினேன். சொல் சூரியனைக் குறிக்கலாம், ஓய்வு வெயிலுக்காகத்தானே என்றேன். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“நோடம்மா, இங்க பாரு, அர்த்தத்தை மாத்தினா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. நீ ஜூன்னு போட்டு ஒட்டிடு, முகீத்து, அவ்வளவுதான்.”

ஒரே ஒரு கேள்வி

நான் ஒட்டவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை என்று தலைமை அலுவலகத்துக்கே மெயில் போட்டேன்: நீங்கள் கொடுப்பது பண்டிகைக்கா, வெயிலுக்கா?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வெயிலுக்குத்தானாம், பொம்மசந்திராவில் எப்போது அதிகமாகக் காய்கிறதோ அப்போதே கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார், பிரின்ட் எடுத்துப் பத்திரப்படுத்தினார், பிறகுதான் கேன்டீனுக்குப் போன் செய்தார். அன்று மதியமே மோர் வந்தது. ஏப்ரல் இன்னும் முடிந்திருக்கவில்லை. செல்வியக்கா ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“உப்பே இல்ல கண்ணு. அதுக்கும் ஒரு மெயில் போட்டுடு.”

ஆக, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அகராதி ஒரு வரியில் முடித்துவிடுகிறது, பேக்கிங் பிரிவுதான் விடுவதில்லை.