பார்கெட்டர் மகளின் கையுறை

ஹோரஸ் பார்கெட்டருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் பிள்ளைபிடிக்கிறவன். அந்த மனிதருக்கு நகராட்சி இரண்டு வேலை கொடுத்திருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அம்மையா, கக்குவானா, செங்காய்ச்சலா என்று விசாரித்து நகர மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். வகுப்பு நிரம்பியிருந்தால் பாராட்டு உண்டு. நோயைக் கண்டுபிடித்தால் எல்லோரிடமும் ஏச்சுதான். மனிதர் எதைச் செய்வார்?

வாசலில் நின்று பிள்ளையை நாக்கை நீட்டச் சொல்வார். செங்காய்ச்சலின் அடையாளமாக நாக்கு ரத்தச் சிவப்பாக இருந்தாலும், "ஜாம் தின்னிருக்கான், வேஷம்" என்பார். பெரிய டாக்டர்! நிலக்கரிக் கிடங்கில் மூட்டை எண்ணியதுதான் அவர் படித்த படிப்பு. தன் மகள் ஹில்டா ஐந்து வருஷமாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த நவம்பரில் ஹில்டாவின் வகுப்பில் செங்காய்ச்சல் புகுந்தது. என் மூத்தவள் அடாவை வண்டி வந்து காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனது. அங்கே பெற்றவளைக்கூட உள்ளே விடமாட்டார்கள். காய்ச்சல் யாரிடமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே அறையில் படித்த என் சின்னவன் வில்ஃபை நான் வீட்டில் நிறுத்திக்கொண்டேன். மறுநாளே பார்கெட்டர் வந்துவிட்டார்.

"எங்கம்மா பையன்?"

"உள்ள இருக்கான். காய்ச்சல் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க, அனுப்புறேன்."

"அழுக்கு வீட்டுலேருந்துதான் வரும். என் மகளுக்கு ஒரு தும்மல் உண்டா? நாளைக்கு அவன் வரலேன்னா நீங்க கோர்ட்டுக்கு வரணும்."

அழுக்கு வீடாம்! தினமும் வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுக்கிறவள் நான். ஆனாலும் கோர்ட்டுக்குப் பயந்து வில்ஃபை அனுப்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் லீவே போடாத பிள்ளைகளுக்குப் பதக்க விழா. பாதி பெஞ்சு காலி. மேயரின் மனைவி கையால் பதக்கம் வாங்க ஹில்டா மேடையேறினாள், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. எங்கள் தெருவில் காலுக்கே மரக்கட்டைச் செருப்புதான். இவளுக்குக் கைக்கு உறையா? எனக்குப் பொறி தட்டியது. செங்காய்ச்சல் வந்து போன பிள்ளைக்கு உள்ளங்கைத் தோல் உரியும். எந்தத் தாய்க்கு அது தெரியாது? விடுவிடுவென்று மேடையேறினேன்.

"கையக் காட்டு கண்ணு."

"கழட்டக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க, அத்தை."

"இறங்கும்மா கீழே!" என்று பார்கெட்டர் கத்தினார்.

"நீ வாயை மூடுய்யா!"

உறையை உருவினேன். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து தொங்கியது. மேயரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"நாக்கு லேசாத்தான் சிவந்திருந்துச்சு," என்று பார்கெட்டர் முனகினார். "பதக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்..."

தூ! ஊரெல்லாம் தேடிய காய்ச்சல் இவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறது.

வண்டி வந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் ஹில்டாவைப் போர்வையில் சுற்றித் தூக்கினார்கள். அவள் அழவில்லை.

"அப்பா, இதை ஆப்சென்ட்டுன்னு போடுவாங்களா?"

பார்கெட்டர் தலையைக் குனிந்து அந்தக் கையுறையை மடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வசவு தீர்ந்துவிட்டது. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நான்தான் பதில் சொன்னேன்.

"போடமாட்டாங்கடி. உள்ள எங்க அடா இருப்பா. அம்மா கேட்டாங்கன்னு அவகிட்ட சொல்லு."